ஆள் முழுதும் ஆடை பாதியும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் முன்னோர் வாக்கு. வகுப்பறையில் இப்பழமொழியை விரித்துரைக்க நேரும்போதெல்லாம், ஒருவனுடைய மதிப்பிற் சரிபாதியை அவன் உடுத்தும் உடை தருகின்றது என்று பொருள் கூறி, மாணவர் சிலரின் கசங்கிய சட்டைக் கழுத்துகளைக் கடைக்கண்ணால் நோக்குவது என் வழக்கம். இருபது ஆண்டுகளாக அப்பொருளையே சொல்லி வந்தேன். ஆடை மதிப்புக்கும் மானத்துக்கும் மட்டும் உரியதன்று, சிலருக்கு உயிர்க்காவலும் அதுவே என்பதைச் சென்ற மார்கழி மாதத்து விடியற்காலை ஒன்றில் என் மருமகன் எனக்குக் கற்பித்தான்.

மருமகன் என்றது என் தமக்கையாரின் மூத்த மகனை. வயது முப்பது. உயரம் ஆறடிக்கு ஓரங்குலம் குறைவு. மார்பின் சுற்றளவு 50 அங்குலம். வயிற்றின் சுற்றளவு 54 அங்குலம். சிறு வயதிலேயே அவனைப் பள்ளித் தோழர்கள் "மலை" என்று அழைத்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே அப்பெயருக்கு மறுமொழி கொடுத்துப் பழகிவிட்டான். பருத்த உடம்பினர் பலர் அவ்வாறு சிரித்துப் பழகுகிறார்கள். அச்சிரிப்பின் அடியில் என்ன இருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அவன் வீதி வேலைத்தலம் ஒன்றில் தொழில் செய்கிறான். பகலில் வாகன நெரிசல் மிகுதியாகையால், தார் இடும் வேலையை இரவில் வைத்துக்கொள்வார்கள். ஒரு பக்கம் சிவப்பும் மறு பக்கம் பச்சையும் பூசிய தட்டொன்றைக் கையிற் பிடித்து, வேலை நடக்கும் இடத்தின் தலைமாட்டில் நின்று, வரும் வாகனங்களை நிறுத்துவதும் விடுவதுமே அவன் கடமை. வீதியிலே முதலில் எதிர்ப்படுபவன் அவன். வரும் வாகனம் தவறினால் முதலில் அடிபடுபவனும் அவனே.

அன்று விடியற்காலை வீடு வந்தவன் உள்ளே வராமல் திண்ணையில் அமர்ந்துவிட்டான். முகம் வெளிறியிருந்தது. தமக்கையார் தேநீருடன் வந்து கேட்டபோது, மெல்லச் சொன்னான்: "ஒரு வான்காரன் கைக்கெட்டின தூரத்திலை வந்து பிறேக் அடிச்சான், அம்மா. என்னைக் காணேல்லையாம்."

நாங்கள் சிரித்துவிட்டோம். அவன் தம்பி சிரித்தான், தங்கை சிரித்தாள். மார்கழி விடுமுறைக்காக அங்கே தங்கியிருந்த நானும் சிரித்தேன். "இந்த மலையைக் காணாதவனுக்கு ஆர் லைசென்ஸ் கொடுத்தது?" என்று கேட்டவனும் நானே. வழக்கம்போல அவனும் சிரிக்க முயன்றான். ஆனால் அவன் கையிலிருந்த தேநீர்க் குவளை நடுங்கியது. அதைக் கண்டபின்னர்தான் என் சிரிப்பு அடங்கியது.

வான் சாரதி பொய்யன் அல்லன். வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, தானும் நடுங்கிக்கொண்டே, "பாலத்துக் கட்டையிலை ஒட்டின ஸ்ரிக்கர் எண்டு நினைச்சன், அண்ணை" என்று சொன்னானாம். இச்சொல் என் மனத்தைக் குடைந்தது. ஆறடி மனிதன் ஒருவன் எவ்வாறு பாலத்துக் கட்டையாகத் தோன்றினான்?

அன்று இருட்டியபின் அவனைத் தன் வேலையுடுப்புடன் முற்றத்தின் கோடியிலே நிற்கச் சொன்னேன். வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, முப்பது அடி தள்ளி நின்று, ரோச் லைற்றை என் கண்ணுக்குப் பக்கத்திலே பிடித்து அவன்மீது ஒளி பாய்ச்சினேன். முன்புறம் தெரிந்தது. முதுகுப்புறமும் தெரிந்தது. "இனிப் பக்கவாட்டில் திரும்பி நில், தம்பி" என்றேன். திரும்பினான். மனிதன் மறைந்துபோனான். முன்னால் ஒரு சிறு கீற்று, பின்னால் ஒரு சிறு கீற்று, நடுவிலே கறுப்பு. உருளை இயந்திரக்காரருக்குச் சைகை காட்ட அவன் பக்கவாட்டில் திரும்பிய வேளையிலேதான் அந்த வான் வந்திருக்கிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்க நெடுநேரம் வேண்டியிருக்கவில்லை. தொழிலாளர் "ஜக்கெற்" என்று சொல்லும் அந்த ஒளிர் மேலங்கிகளை ஒப்பந்தகாரர் கட்டாகக் கொண்டுவந்து இறக்கினாராம். எல்லாம் ஒரே அளவு. நம்மவனுக்கு அது முன்னால் மூடவில்லை. சில நாள் திறந்தபடி போட்டான், மேற்பார்வையாளர் ஏசினார். பின்பு இரு விலாப்புறங்களையும் கத்தரித்து விட்டான். கத்தரித்த இடத்தில் தமக்கையார், பழைய காற்சட்டைத் துணியிலே பக்கத்துக்கு ஆறு அங்குலமாகக் கருநீல ஒட்டு வைத்துத் தைத்துக் கொடுத்தார். மேலங்கி இப்பொழுது மூடியது. ஆனால் உடம்பைச் சுற்றி வரவேண்டிய ஒளிப்பட்டி இரண்டு விலாவிலும் அறுந்துபோயிற்று. அதன்மேல் கருஞ்சட்டைக் கையும் தொங்கினால் பின்பு என்ன தெரியும்?

தமக்கையார் அந்த ஒட்டைத் தடவிப் பார்த்தபடி, "என்ரை கையாலை தைச்சனே, தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் தையலில் ஒரு குறையும் இல்லை. அன்பும் இருந்தது, திறமையும் இருந்தது. அந்த ஆடையின் பயனைப் பற்றிய அறிவு மட்டும் எங்கள் எவரிடத்தும் இருக்கவில்லை. பட்டதாரி என்று பெயர்ப்பலகையிற் போட்டுக்கொண்ட எனக்கும் இருக்கவில்லை. அந்த வெட்கத்தினாலேயே இதனைக் கற்கத் தொடங்கினேன். கற்றதை இவ்வார இதழின் வாசகர்களுக்குச் சொல்வது கடமை என்று எண்ணுகிறேன். ஏனெனில் தொழிலாளியின் உடுப்பைத் துவைப்பதும் தைப்பதும் காலையில் எடுத்துக் கொடுப்பதும் வீட்டிலுள்ளோரே.

ஒளிர் மேலங்கியில் இரு வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ கண்ணைப் பறிக்கும் துணி. சூரிய ஒளியில் நம் கண்ணுக்குப் புலனாகாத ஊதாக்கடந்த கதிர்களை உண்டு, அவற்றைக் கண்ணுக்குத் தெரியும் நிறமாக மாற்றி உமிழும் சாயம் அதில் ஏற்றப்பட்டுள்ளது. ஆகவே பகலிலும் மப்பு மந்தார வேளையிலும் அந்திப்பொழுதிலும் அது சுற்றுப்புறத்தை மீறி ஒளிர்கிறது. இரவிலே சூரியனும் இல்லை. அதன் வேலையும் பெரிதும் முடிந்துவிடுகிறது. அப்பொழுது காவலுக்கு வருவது இரண்டாவது பொருள். சாம்பல் நிறமாகத் தோன்றும் ஒளிப்பட்டி. அதில் நுண்ணிய கண்ணாடி மணிகள் பதிக்கப்பட்டிருக்கும். தம்மேல் விழும் ஒளியைப் பல திசையிலும் சிதறவிடாது, வந்த வழியே திருப்பியனுப்புவது அம்மணிகளின் இயல்பு. வாகனத்தின் முகப்பு விளக்கு ஒளி மீண்டும் வாகனத்தை நோக்கியே செல்கிறது. சாரதியின் கண்ணை எட்டுகிறது. ரோச் லைற்றை என் கண்ணருகே பிடித்த காரணமும் இதுவே. இடுப்பருகே பிடித்திருந்தால் பட்டியின் முழு ஒளியும் எனக்குத் தெரிந்திராது.

இத்தகைய ஆடை தோன்றிய வரலாறும் சுவையானது. 1964ஆம் ஆண்டில் பிரித்தானிய ரயில்வேயின் ஸ்கொட்லாந்துப் பகுதியினர், கிளாஸ்கோ நகரில் மின்சார வண்டி ஓடும் பாதையொன்றில் வேலை செய்தோருக்குச் செம்மஞ்சள் ஒளிர்நிற மேலங்கிகளைப் பரீட்சார்த்தமாக வழங்கினர். அவற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் "மின்மினிகள்" என்பதாம். எத்துணைப் பொருத்தமான பெயர்! ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. மின்மினி விட்டு விட்டு ஒளிர்ந்தால் அழகு. மனிதன் விட்டு விட்டு ஒளிர்ந்தால் ஆபத்து. எப்பக்கம் திரும்பினாலும் அவன் தெரியவேண்டும்.

அதனாலேதான் இவ்வாடைகளுக்கென 2013இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 20471 என்னும் சர்வதேச நியமம், ஒளிப்பட்டி உடம்பை முழுமையாகச் சுற்றி வரவேண்டும் என்று விதிக்கிறது. பட்டியின் அகலம் 5 சென்ரிமீற்றருக்குக் குறையலாகாது. பொருத்து வாயிலோ மூட்டிலோ பட்டி விட்டுப்போகும் இடைவெளி 5 சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது. எங்கள் கருநீல ஒட்டோ பக்கத்துக்கு 15 சென்ரிமீற்றர்! திறந்தபடி போடப்படும் மேலங்கியில், முன்புற இடைவெளி ஒரு சாணுக்கும் மேலாகும். அந்நியமம் ஆடைகளை மூன்று வகுப்பாகவும் பிரிக்கிறது. இரண்டாம் வகுப்புக்கு ஒளிர்துணி 0.50 சதுர மீற்றரும் ஒளிப்பட்டி 0.13 சதுர மீற்றரும் குறைந்த அளவு. மூன்றாம் வகுப்புக்கு அவை முறையே 0.80, 0.20 சதுர மீற்றர். இந்தக் கணக்கெல்லாம் ஆடை உடம்பிற் பொருந்தி மூடியிருக்கும்போதே பயன் தரும். மூடாத மேலங்கி, முத்திரை எத்தனை பெற்றிருந்தாலும், தோளில் தொங்கும் துணியே.

நிற்க. பருத்த உடம்பினர் தமக்கேற்ற மேலங்கியைத் தேர்வது எவ்வாறு?

முதலாவது, எழுத்தை நம்பலாகாது. எல், எக்ஸ்எல், இரட்டை எக்ஸ்எல் என்னும் குறிகள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். ஒருவரின் இரட்டை எக்ஸ்எல் மற்றொருவரின் எல் அளவுக்கு இருத்தலும் கூடும். ஆடையின் உட்புறத் துண்டில் மனித உருவம் வரைந்து, மார்பளவும் உயரமும் சென்ரிமீற்றரில் குறித்திருப்பார்கள். அதனையே பார்க்கவேண்டும்.

இரண்டாவது, அளவு நாடாவை எங்கே சுற்றுவது என்பது. மார்பை மட்டும் அளந்து வாங்குவது வழக்கம். வயிறு மார்பினும் பெருத்தவருக்கு அது பொருந்தாது. மார்பு, வயிறு, இடை ஆகிய மூன்றில் மிகப் பெரியது எதுவோ அதுவே அளவு. அதையும் வெற்றுடம்பில் எடுத்தலாகாது. வேலைக்குப் போடும் சட்டையின் மேலும், மழைக்காலமாயின் மழைக்கோட்டின் மேலும் எடுக்கவேண்டும். மூச்சை உள்ளிழுத்து வயிற்றை ஒடுக்கிக்கொண்டு நிற்பது தையற்காரரிடம் நாம் எல்லோரும் செய்யும் தந்திரம். இங்கே அத்தந்திரத்தால் ஏமாறுபவர் நாமேயன்றித் தையற்காரர் அல்லர்.

மூன்றாவது, நீளம். பருத்த வயிறு முன்புறத் துணியை மேலே இழுத்துவிடும். நிற்கும்போது சரியாகத் தோன்றும் மேலங்கி, கையை உயர்த்தியவுடன் தொப்புளுக்கு மேலே ஏறும். கீழ்ப்பட்டியும் சுருண்டு மடியும். ஆகவே கடையிலேயே போட்டுப் பார்த்து, இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்துக. குனிந்து தரையைத் தொடுக. வாங்கிலே அமர்ந்து எழுக. இம்மூன்றுக்கும் பூட்டு விடாமலும் துணி ஏறாமலும் இருந்தால், அதுவே உங்கள் உடுப்பு.

நான்காவது, பெரிதென்றால் நல்லது என்று எண்ணி அளவுக்கு மிஞ்சியதை வாங்குவதும் பிழை. தோள் வழியே நழுவி, கக்கத்திலே தொங்கி, காற்றில் அலையும் துணி இயந்திரத்திலும் லொறிக் கதவின் கைபிடியிலும் சிக்கும். வயிறு பெருத்துத் தோள் சிறுத்தவருக்கு, விலாப்புறங்களில் இழுத்து ஒட்டும் பட்டியுள்ள வகை ஏற்றது. வேண்டிய இடத்தில் விரித்து, வேண்டாத இடத்தில் ஒடுக்கலாம். சுழலும் இயந்திரத்துக்கு அருகில் நிற்போருக்கு, எதிலேனும் சிக்கி இழுபட்டால் தோளிலும் விலாவிலும் தானே பிரிந்துவிடும் வகை உண்டு.

ஐந்தாவது, வெப்பம். பருத்த உடம்பு விரைவில் வியர்க்கும். நம் நாட்டு வெயிலில் அடர்ந்த துணி அவர்களுக்குத் தண்டனை. காற்றுப் புகும் வலைத்துணியில் தைத்ததைத் தேர்ந்தால், பத்து நிமிடத்தில் கழற்றி எறியும் எண்ணம் தோன்றாது. கழற்றி எறியப்பட்ட மேலங்கி எவரையும் காப்பதில்லை.

பெண் தொழிலாளர்க்கு இவ்வளவும் பொருந்தும்; இன்னொன்றும் உண்டு. ஆண்களின் உடலமைப்புக்கு வெட்டிய மேலங்கி, பருத்த பெண்ணுக்கு மார்பில் இறுகித் தோளில் தொளதொளக்கும். பெண்களுக்கென வெட்டியதைக் கேட்டு வாங்குதல் வேண்டும்.

இனி வீட்டிலுள்ளோருக்கு ஒரு சொல். இவ்வுடுப்பைக் கல்லில் அடித்துத் துவைத்தலும், வெளிறச் செய்யும் மருந்து இடுதலும், பட்டியின்மேல் அழுத்திப் பெட்டி போடுதலும் ஆகா. எத்தனை முறை துவைக்கலாம் என்ற எண்ணை உட்புறத் துண்டிற் பொறித்திருப்பார்கள். நிறம் மங்கினாலும் பட்டி உரிந்தாலும் அதனை வேலைக்கு அனுப்பாதீர்கள். உடுப்புச் சிறிதாயின் ஒட்டு வைத்துத் தைக்காதீர்கள்; மாற்றித் தரும்படி கேட்கச் சொல்லுங்கள்.

கேட்பதுதான் மிகக் கடினம் என்பதைப் பின்னர் அறிந்தேன். "இவ்வளவு காலமும் ஏன் கேட்கவில்லை?" என்று மருமகனிடம் வினவினேன். சிறிது நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாற்றை முன்னாலையும் என்ரை அளவைச் சொல்லோணும், மாமா. சொன்னால் சிரிப்பினம்" என்றான். நாங்கள் திண்ணையிற் சிரித்த சிரிப்பு அப்பொழுது என் காதில் மீண்டும் ஒலித்தது. அவனை முதலிற் சிரித்துப் பழக்கியோர் வேலைத்தலத்தார் அல்லர், நாங்களே.

மறுநாள் அவனோடு நானும் சென்று மேற்பார்வையாளரைக் கண்டேன். அவர் கடுமையான மனிதர் அல்லர். நான் சொன்னதைப் பொறுமையுடன் கேட்டார். பின்பு, "ஒருத்தரும் கேக்கேல்லையே, மாஸ்ரர்" என்றார். அவர் சொன்னது உண்மை. வெட்கத்தால் அவன் கேட்கவில்லை; கேளாததால் அவர் அளக்கவில்லை; இவ்விருவரின் மௌனத்துக்கும் நடுவே அந்த வான் வந்தது.

எங்கள் கல்லூரியில் விளையாட்டு அணிக்கு உடை தைப்பிப்பதாயின், முதலில் ஒவ்வொரு மாணவனையும் அளந்து பட்டியல் எடுப்போம். துணி வெட்டுவது அதன் பின்பே. உயிரைக் காக்கும் உடைக்கு மட்டும் கட்டை முதலில் வாங்கி, ஆளைப் பின்னர் அதற்குள் திணிப்பது எந்த நியாயம்? தனியே அழைத்து, பிறர் கேளாதபடி அளவெடுத்து, தேவையான அளவுகளைக் குறித்து வாங்கினால் எவரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. கட்டுமானத் தொழிலில் பாதுகாப்பு உடைகளை வேலை கொள்வோர் தொழிலாளியிடம் பணம் பெறாது வழங்கவேண்டும் என்று சர்வதேசத் தொழில் அமைப்பின் 1988ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறுகிறது. ஐக்கிய அமெரிக்காவிலோ 2025 ஜனவரி 13ஆம் தேதி முதல், கட்டுமானத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு உடை சரிவரப் பொருந்த வேண்டும் என்பது வெளிப்படையான விதியாகிவிட்டது. பல நாட்டாருக்கும் பல அளவில் உடை தைத்துக் கப்பலேற்றும் நம் நாட்டில், நம்மவன் ஒருவனுக்கு அளவான மேலங்கி கிடையாதிருத்தல் துணிப் பஞ்சத்தால் அன்று.

மேற்பார்வையாளர் சொன்ன சொல்லைக் காத்தார். மூன்று வாரத்தில் ஐந்து எக்ஸ் அளவில் ஒன்று வந்தது. அதனோடு வேறு நான்கு பெரிய மேலங்கிகளும் வந்தன என்று மருமகன் சொன்னான். "எனக்கு மட்டுந்தான் எண்டு நினைச்சிருந்தன், மாமா. இன்னும் நாலு பேர் வாய் திறக்காமல் இருந்திருக்கினம்."

தை மாதத்து இரவொன்றில், உறவினர் வீட்டுக் கருமம் முடிந்து மோட்டார் சைக்கிளில் தனியே திரும்பிக்கொண்டிருந்தேன். தெரு விளக்கில்லாத வளைவு. அதைத் தாண்டியதும் வெகு தூரத்தில் ஒளிக்கோடுகள் தோன்றின. தோளிலிருந்து இறங்குவன இரண்டு. இடையைச் சுற்றுவன இரண்டு. அவை மெல்லத் திரும்பின. திரும்பியபோதும் கோடு அறவில்லை. "அங்கே ஓர் ஆள் நிற்கிறான்" என்று மனம் சொல்ல, கை தானாகவே வேகத்தைக் குறைத்தது. அருகே சென்றபின்னரே முகம் தெரிந்தது. சிவப்புத் தட்டை உயர்த்தி என்னை நிறுத்தியவன் என் மருமகன்.

"என்ன மாமா, தூரத்திலையே கண்டிட்டீங்களோ?" என்று கேட்டான்.

"கண்டேன், தம்பி" என்றேன். அவன் தட்டைப் பச்சைக்குத் திருப்பினான். நான் வீடு போய், அவன் பத்திரமாகத் தெரிகிறான் என்று தமக்கையாருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் படுத்தேன்.